குழந்தைகளின் மூளைக்கட்டி ஆராய்ச்சியெல்லாம் நம் ஊர்ப் பிள்ளைக்கு எட்டுமா?

காரைக்குடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அக்கா மகனுக்கு 5 வயது, சிறுமூளையில் கட்டி, அடுத்த வாரம் மதுரையில் ஆபரேஷன். வெளிநாட்டில் ஏதேதோ ஆராய்ச்சி நடக்கிறதாமே, அதில் நமக்கு என்ன கிடைக்கும் என்று.

கிடைக்கும். ஆனால் தானாக வீடு தேடி வராது. ஒரு சின்ன மெழுகுக் கட்டியில் ஏறித்தான் வரும். அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. பக்கத்தில் கோட்டையூர்தான். என் தம்பி மகளுக்கு 6 வயதில் இதே இடத்தில் கட்டி வந்தது. தம்பிக்கு வேலை, அவன் மனைவிக்குக் கைக்குழந்தை. அதனால் அவளோடு ஒன்றரை வருஷம் ஆஸ்பத்திரிகளில் கிடந்தது அத்தைக்காரி நான்தான்.

நாங்கள் இருப்பது ஒரு பழைய செட்டியார் வீட்டின் ஒரு பக்கம், வாடகைக்கு. வளவில் ஆத்தங்குடிக் கல் பதித்திருக்கும். பாப்பா சிவப்புக் கட்டத்தில் மட்டும் கால் வைத்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் குதித்துப் போவாள். ஒருநாள் பார்க்கிறேன், கட்டம் தப்புகிறது. கால் அகட்டி வைக்கிறாள், தூணைப் பிடித்துக்கொள்கிறாள். விளையாடுகிறாள் என்று நினைத்தேன். அதற்கு முன்பே காலையில் வாந்தி இருந்தது. எழுந்ததும் தலைவலி, ஒரு வாந்தி, உடனே தெளிந்துவிடுவாள். இட்லி தின்றுவிட்டுப் பள்ளிக்கூடம் போய்விடுவாள். ஒரு டாக்டர் பூச்சி மருந்து கொடுத்தார். இன்னொருவர் கண்ணாடி போடச் சொன்னார். அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டார். இப்படியே 10 வாரம் போனது.

பின்னால்தான் காரணம் புரிந்தது. சிறுமூளைக்கு முன்னால் மூளைநீர் ஓடும் பாதை இருக்கிறது. கட்டி அதை அடைத்தால் நீர் தேங்கித் தலைக்குள் அழுத்தம் ஏறுகிறது. இரவெல்லாம் படுத்தே இருப்பதால் விடியும்போது அழுத்தம் உச்சத்தில் இருக்கும். காலை வாந்தியும் நடைத் தடுமாற்றமும் சேர்ந்து வந்தால் வயிற்றை விட்டுவிட்டுத் தலையைப் பார்க்க வேண்டும் என்பது இதனால்தான். இங்கிலாந்தில் 2011-இல் ‘ஹெட்ஸ்மார்ட்’ என்று ஒரு பிரசாரம் தொடங்கி, பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் இந்த அறிகுறிகளைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். நோயைக் கண்டுபிடிக்க முன்பு சுமார் 14 வாரம் ஆனது, சில வருஷத்தில் 7 வாரத்துக்குள் வந்துவிட்டது. புது மருந்தில்லை, இயந்திரமில்லை. என்னைக் கேட்டால் இதுவும் முதல்தர ஆராய்ச்சிதான்.

ஆபரேஷனைப் பற்றி டாக்டர் சொல்லுவார், நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்றை மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் எங்களிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. முதல் நாள் தண்ணீர் கேட்ட பிள்ளை, மூன்றாம் நாள் பேச்சை நிறுத்திவிட்டாள். கண் திறந்திருக்கிறது, அழுகிறாள், ஒரு சொல் வரவில்லை. ஏதோ தவறு நடந்துவிட்டது, மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன். வார்டில் சண்டை கூடப் போட்டேன். அதற்குச் சிறுமூளைப் பேச்சின்மை என்று பெயராம். மெடுல்லோபிளாஸ்டோமா எனும் சிறுமூளைப் புற்றுக்கட்டியை எடுத்த குழந்தைகளில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு வருகிறது. ஏன் சிலருக்கு மட்டும் வருகிறது, சிறுமூளையின் நடுப்பகுதியைப் பிளக்காமல் அடியிலிருந்து நுழைந்தால் குறையுமா என்றெல்லாம் இன்றும் ஆராய்கிறார்கள். பாப்பாவுக்கு 37 நாள் ஆனது. முதலில் வந்த சொல் “தள்ளு”. நான் ஜன்னலை மறைத்துக்கொண்டு நின்றிருந்தேன். பேச்சு இப்போதும் கொஞ்சம் இழுவைதான். உங்கள் சர்ஜனிடம் இதை இப்போதே கேட்டு வையுங்கள். என்னைப் போல நர்ஸ்களிடம் பாய வேண்டியிருக்காது.

சரி, மெழுகுக் கட்டி. எடுத்த கட்டியில் ஒரு துண்டைப் பதப்படுத்தி மெழுகில் பதித்து வைப்பார்கள். ‘பிளாக்’ என்பார்கள். வெள்ளையாக, ஒரு துண்டு பால்கோவா அளவுதான் இருக்கும். அதைச் சீவித்தான் ஸ்லைடு போட்டுப் பார்க்கிறார்கள். எங்களுக்கு வந்த முதல் ரிப்போர்ட்டில் ‘மெடுல்லோபிளாஸ்டோமா’ என்று ஒரே வரி. 1925-இல் பெய்லி, குஷிங் என்ற இரண்டு அமெரிக்க டாக்டர்கள் வைத்த பெயர். அந்தக் காலத்தில் அது ஒரே நோய், கத்திதான் முக்கிய வைத்தியம், அநேகமாக யாரும் தப்பவில்லை. பிறகு மூளைக்கும் முதுகுத்தண்டு முழுவதற்கும் கதிர்வீச்சு, அதோடு கீமோ என்று வந்த பின், பரவாத கட்டியுள்ள பிள்ளைகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் 5 வருஷத்தைத் தாண்டுகிறார்கள்.

2012-இல் உலகத்து ஆய்வாளர்கள் கூடி எழுதியது என்னவென்றால், இது ஒரு நோயல்ல, நான்கு. டபிள்யூஎன்டி, எஸ்எச்எச், மூன்றாம் வகை, நான்காம் வகை. நுண்ணோக்கியில் ஒன்றுபோலத் தெரிகிறவை, மரபணுவில் வேறு வேறு. டபிள்யூஎன்டி வகைப் பிள்ளைகளில் 10-க்கு 9 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். மூன்றாம் வகைதான் பொல்லாதது. பீட்டா கேட்டனின், காப்1, யாப்1 என்று சில சாயச் சோதனைகளிலேயே முதல் இரண்டையும் பிரித்துவிடலாம். மற்ற இரண்டைப் பிரிக்க மரபணுச் சோதனை வேண்டும். எல்லாவற்றுக்கும் அந்த பிளாக் வேண்டும்.

அதனால் ஆபரேஷன் முடிந்ததும் பிளாக், ஸ்லைடு, ரிப்போர்ட் மூன்றையும் எழுதிக் கொடுத்து வாங்குங்கள். ‘எதற்கு?’ என்பார்கள். அடுத்த ஆஸ்பத்திரியில் கேட்கிறார்கள் என்று சொல்லுங்கள், கொடுத்துவிடுவார்கள். நான் அதை எவர்சில்வர் டப்பாவில் பஞ்சு வைத்துக் கட்டி, பல்லவன் ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு சென்னை போனேன். சித்திரை வெயிலில் காருக்குள் வைத்துவிட்டுப் போகாதீர்கள், மெழுகு இளகும்.

வகை தெரிந்து என்ன ஆகும்? வைத்தியத்தை எவ்வளவு குறைக்கலாம் என்பதுதான் இப்போதைய ஆராய்ச்சியின் பாதி. வளரும் மூளையில் கதிர்வீச்சு பட்டால் படிப்பு மந்தப்படும், உயரம் குறையும். சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து காது கேட்பதைக் குறைக்கலாம். குறைத்தால் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அதுவும் கயிற்றின்மேல் நடை. அமெரிக்காவில் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளுக்கு மூளை-முதுகுத்தண்டுக் கதிர்வீச்சை 23.4 கிரேயிலிருந்து 18 கிரேயாகக் குறைத்துப் பார்த்தார்கள் (கிரே என்பது கதிர்வீச்சை அளக்கும் அலகு). நோய் திரும்புவது கூடியது. அதே ஆய்வில், கூடுதல் கதிரைப் பின்மூளை முழுதும் பாய்ச்சாமல் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்தபோது ஒரு குறையும் வரவில்லை. 2021-இல் வெளியான முடிவு இது. மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டபிள்யூஎன்டி வகைக்கு முதுகுத்தண்டை விட்டுவிட்டுக் கட்டி இருந்த இடத்துக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், நோய் திரும்பியதால் பாதியிலேயே நிறுத்தினார்கள். நிறுத்தியதை ஒளிக்காமல் எழுதினார்கள் பாருங்கள், அதில் எனக்கு மரியாதை. யாராவது ‘கரண்ட் (கதிர்வீச்சு) வேண்டாம், மூலிகை போதும்’ என்று உங்களிடம் வந்தால் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.

எங்கள் பாப்பாவுக்கு அந்த நல்ல வகை வாய்க்கவில்லை. நான்காம் வகை. குறைக்க இடமில்லை. ஆறு வாரம், 30 தடவை, முகத்தில் வலைமுகமூடி மாட்டி அசையாமல் படுக்க வேண்டும். ஆனால் கட்டி பரவவில்லை, மிச்சமும் இல்லை என்பதால் 36 கிரே தேவைப்படவில்லை, 23.4 போதும் என்றார்கள். அந்த முடிவுக்குப் பின்னால் எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பிள்ளைகள் ஆய்வில் சேர்ந்தது இருக்கிறது. ஆக, ஆராய்ச்சி எங்களுக்கு எட்டத்தான் செய்தது.

ஒருவேளை உங்கள் ரிப்போர்ட்டில் மூளைத்தண்டு, ‘டிஐபிஜி’ (மூளைத்தண்டுக்குள் ஊடுருவி வளரும் கட்டி) என்று வந்தால் கணக்கே வேறு. அதை வெட்டி எடுக்க முடியாது. நிலவில் கால் வைத்த ஆம்ஸ்ட்ராங்கின் மகள் 1962-இல், 2 வயதில், அதில்தான் போனாள். ஆபத்து என்று பல வருஷம் அதில் ஊசி வைத்துத் துண்டு எடுக்கவே பயந்தார்கள். பாரிஸில் துணிந்து எடுக்கத் தொடங்கினார்கள். 2012-இல் எச்3 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம் பிடிபட்டது. அந்த மாற்றமுள்ள கட்டி திரும்ப வளர்ந்தால் கொடுக்க டோர்டாவிப்ரோன் என்ற மருந்துக்கு 2025-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. குணமாக்கும் மருந்தல்ல, காலம் கொடுக்கலாம். இருந்தும் அந்தக் கதவில் முதல் கீறல் அது.

பணத்துக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இன்றே தயார் செய்யுங்கள். அப்புறம், சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால் தயங்காதீர்கள். அதை 1954-இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி நம் புதுக்கோட்டைக்காரர்தான்.

பாப்பா இப்போது ஆறாம் வகுப்பு. காதில் மெஷின், கணக்கில் மந்தம், வாயில் குறைவில்லை. திரும்பி வந்த பிளாக்கைப் பீரோவில் ரேஷன் கார்டோடு வைத்திருந்தேன். ஒருநாள் காணோம். தேடினால், சூடம் என்று நினைத்து அப்பத்தா சாமி அறைத் தட்டில் எடுத்து வைத்திருக்கிறார். நல்லவேளை, அன்று வெள்ளிக்கிழமை இல்லை. இப்போது டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் ‘சூடம் அல்ல’ என்று எழுதி ஒட்டியிருக்கிறேன்.