திருவல்லிக்கேணியில் கட்டுப்படியாகும் சாப்பாடு

மேன்ஷன் (பேச்சிலர்கள் தங்கும் விடுதி) வாசம், மூன்று வேளையும் ஸ்விக்கி, சம்பளம் இருபதாம் தேதியே காலி என்று எழுதியிருக்கிறீர்கள். ஆர்டர் போடுவதை நிறுத்துங்கள். பல கடைகள் கமிஷனையும் சேர்த்துத்தான் அங்கே விலை வைக்கின்றன. சின்ன மெஸ்கள் பெரும்பாலும் அதில் தென்படவே மாட்டா. மேன்ஷன் வாட்ச்மேனைக் கேளுங்கள், சந்துக்குள் மாடியேறிப் போகும் மெஸ் ஒன்றையாவது காட்டுவார். அன்றைய குழம்பு என்னவென்று கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருந்தால் தைரியமாக உட்காரலாம். ஒரு மணிக்குள் போய்விடுங்கள், இரண்டுக்கு மேல் ரசமும் மோரும்தான் மிஞ்சும். பிடித்துப்போனால் மாத டோக்கன் உண்டா என்று விசாரியுங்கள், இன்னும் குறையும். ரத்னா கஃபே சாம்பார் இட்லியைச் சம்பள நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் (இட்லி முங்க முங்க ஊற்றுவார்கள்!). அப்புறம், நல்ல மெஸ் சிக்கினால் விலைப்பலகையைப் படமெடுத்து, தேதியோடு கூகுள் மேப்பில் ஏற்றிவிடுங்கள். வார விடுமுறை எப்போது என்பதையும் மறக்காமல் எழுதுங்கள்.