மூன்று அரசியர், தனியே ஒரு மன்னர் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரியாவின் ஜோசன் அரச கல்லறைகளைப் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்தேன். கன்ஃபூசிய நெறி அறிவார்ந்தது. மலையும் நீரும் பார்த்துப் புதைக்கும் ஃபெங் சுயி வெறும் மூடநம்பிக்கை. இரண்டும் எப்படி ஓரிடத்தில் சேர்ந்தன?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

இக்கல்லறைகளைப் பற்றியே வாசித்துக்கொண்டிருக்கையில் உங்கள் கடிதம் வந்தது, மகிழ்ச்சி. ஆனால் ஓர் ஆவணப்படத்தைப் பார்த்த கையோடு ஐந்நூறு ஆண்டு அரசமரபுக்கு மதிப்பெண் போடாதீர்கள்.

பின்னால் மலை, முன்னால் நீர் என இடத்தைத் தேர்ந்தது ஃபெங் சுயி. சிவப்பு வாயில், கற்பாதை, படையல் மண்டபம், சமாதிமுன் நிற்கும் அமைச்சர், படைத்தலைவர் சிலைகள் ஆகியவை கன்ஃபூசிய முறைமை. மன்னர் நேரில் சென்று வழிபட வேண்டுமென்பதால், சில விலக்குகள் தவிர, தலைநகரிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீட்டருக்குள்ளேயே இடம் தேடினார்கள். இவ்வளவுதான் அந்தச் சேர்க்கை.

நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறொன்று. அடக்கம் செய்த மன்னரின் சமாதியைத் தோண்டுவது கன்ஃபூசிய நெறிப்படி பெரும்பிழை; அதைச் செய்ய நினைப்பவருக்கு மறுக்கமுடியாத காரணம் ஒன்று வேண்டும். அக்காரணத்தை ஃபெங் சுயி கொடுத்தது. 1544இல் இறந்த மன்னர் ஜுங்ஜொங், முன்பே மறைந்த அரசி ஜாங்கியொங்கின் சமாதியருகே புதைக்கப்பட்டார். ஜாங்கியொங்குக்குப் பின் அரசியான முன்ஜொங்குக்கு அது பொறுக்கவில்லை. மகன் மியொங்ஜொங் அரியணையில் இருந்தபோதும் அரண்மனையில் எடுபட்டது தாயின் சொல்தான். இடம் சரியில்லை என்று சொல்லி, 1562இல் கணவரை ஹான் ஆற்றின் தென்கரைக்கு, இன்றைய சோல் நகரின் கங்னம் பகுதிக்கு மாற்றினார். தானும் அவரருகே உறங்க வேண்டும் என்பதே எண்ணம். மனக்குறையை அவையில் சொல்ல முடியாது, மண்ணின் குறையைச் சொல்லலாம். ஆனால் புதிய இடம் தாழ்நிலம். மழைக்காலத்தில் வெள்ளம் ஏறியது, மண் கொட்டி மேடாக்கியும் பயனில்லை. 1565இல் முன்ஜொங் இறந்தபோது அங்கே புதைக்க வழியின்றி, தேரூங் என்னும் வேறொரு கல்லறையில் தனியே அடக்கம் செய்தார்கள். மூன்று அரசியரை மணந்த ஜுங்ஜொங் அவர்களில் ஒருவரும் அருகில்லாமல் கிடக்கிறார். மண்ணின் குணத்தைச் சாக்காகச் சொன்னவரை அதே மண்தான் தோற்கடித்தது.

இதை வைத்து, எல்லாமே சூழ்ச்சிதான் என்று அடுத்த கடிதத்தில் எழுதிவிடாதீர்கள். 1762இல் இளவரசர் சாதோ, தன் தந்தையான மன்னரின் ஆணையால் அரிசிப்பெட்டிக்குள் அடைக்கப்பட்டு இறந்தார். அவர் மகன் ஜொங்ஜோ மன்னரானபின், 1789இல் அவ்வுடலை நல்ல மலையடி ஒன்றுக்கு மாற்றினார். அங்கிருந்த சுவொன் ஊரையே பெயர்த்து வேறிடத்தில் குடியமர்த்தினார். அந்த மகன் பார்த்த மலையையும் நீரையும் மூடநம்பிக்கை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.