மாலை ஆறு மணி அலறல்

கேள்வி: ஐந்து ஆண்டுகளுக்கு முன் என் கணவர் ஒரு வெள்ளை காக்கட்டூ கிளிக் குஞ்சை வாங்கி வந்தார். மல்லி என்று பெயர் வைத்து, சிரிஞ்சில் கூழ் ஊட்டி அவரே வளர்த்தார். இப்போது அவர் அலுவலகம் கிளம்பியதும் கத்தத் தொடங்குகிறது. மாலையில் காது கொடுக்க முடியவில்லை. குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதமே வந்துவிட்டது. நான் கிட்டே போனால் கடிக்கிறது. சில மாதங்களாக மார்பு இறகுகளைத் தானே பிடுங்கிக்கொள்கிறது. உடன் இருக்கும் மாமனாருக்கு இளைப்பு உண்டு. இன்னொன்றைத் துணைக்கு வாங்கினால் அடங்கிவிடும் என்கிறார் கணவர். வாங்கலாமா?
— வாசகி, கோவை

பதில்: வாங்காதீர்கள். அதை முதலில் முடித்துவிடுவோம்.

மல்லியின் கண்ணை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். வளர்ந்த பறவையில் பாவையைச் சுற்றியுள்ள வளையம் செம்பழுப்பாக இருந்தால் பெண். கன்னங்கரேல் என்றிருந்தால் பெரும்பாலும் உங்கள் மல்லி ஆண். கூண்டில் வளரும் ஆண் வெள்ளைக் காக்கட்டூ, துணையாக விட்ட பெண்ணின் அலகையே கடித்து உடைப்பதும் சில நேரம் கொன்றேவிடுவதும் பறவை மருத்துவர்களுக்குப் பழகிப்போன செய்தி. பெண்ணாகவே இருந்தாலும், பிறந்ததிலிருந்து மனிதக் கையையே உறவாகக் கண்ட பறவை புதிய பறவையை ஏற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அப்போது வீட்டில் இரண்டு தொண்டைகள் இருக்கும். சங்கத்தின் அடுத்த கடிதத்தை உங்கள் கணவரே வாங்கிக்கொள்ளட்டும்.

அலறலைவிட அவசரமானது உங்கள் மாமனாரின் மூச்சு. காக்கட்டூவின் உடலில் ஒருவகை மென்தூவி உண்டு. அது நுனியிலிருந்து மாவாக உதிர்ந்துகொண்டே இருக்கும். கறுப்பு டிவியின் மேல் காலையில் துடைத்தால் மாலையில் வெள்ளையாகப் படிந்திருக்குமே, அதுதான். ஆஸ்துமாக்காரர்களுக்கு இது ஆகாது. ஆஸ்துமா இல்லாதவர்களுக்குக்கூட ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் ஒவ்வாமை நோய் வரலாம். எனவே கூண்டு அவர் நடமாடும் கூடத்தில் இருக்கக் கூடாது. தினமும் மல்லிக்குத் தண்ணீர் தெளித்துக் குளிப்பாட்டுங்கள், வீட்டை ஈரத்துணியால் துடையுங்கள், நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி உள்ள காற்றுச் சுத்திகரிப்பான் வையுங்கள். வீட்டில் காக்கட்டூ இருப்பதை அவருடைய நுரையீரல் மருத்துவரிடம் சொல்லுங்கள்; பலர் இதைச் சொல்வதே இல்லை. பறவை இருக்கக் கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம்.

இனி கத்தலுக்கு வருவோம். இந்த இனத்தின் சொந்த ஊர் இந்தோனேசியாவின் ஹல்மஹேரா, தெர்னாத்தே, பாச்சான் போன்ற வடக்கு மலுக்குத் தீவுகள். அங்கே காட்டில் பொழுது விடியும்போதும் சாயும்போதும் கூட்டத்தைக் கூப்பிடுவது அதன் வழக்கம். மரங்களைத் தாண்டிக் கேட்க வேண்டிய குரலை நீங்கள் இரண்டு படுக்கையறைக்குள் கேட்கிறீர்கள். காலையும் மாலையும் சிறிது நேரம் கத்துவதை எந்தப் பயிற்சியும் நிறுத்தாது. அதை நிறுத்தித் தருகிறேன் என்று பணம் வாங்குபவரை நம்பாதீர்கள்.

நாள் முழுக்க நீளும் கத்தல் வேறு. அதற்குப் பாதி காரணம் பதில் கிடைப்பது. அது அலற, நீங்கள் அறைக்குள் ஓடி "சும்மா இரு!" என்று அதட்டுகிறீர்கள். தனிமையில் இருக்கும் பறவைக்கு அதட்டலும் பேச்சுத்தான். கத்தும்போது யாரும் போகாதீர்கள். சில நொடிகள் ஓய்ந்ததும் உடனே போய்ப் பேசுங்கள். ஒரு சீழ்க்கையைப் பழக்குங்கள். அது சீழ்க்கை அடித்தால் எந்த அறையிலிருந்தும் பதில் சீழ்க்கை வர வேண்டும். முதல் சில நாள்களில் கத்தல் கூடும். அதற்குப் பயந்து நடுவில் விட்டால் முன்பைவிட மோசமாகும், ஆகவே அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

அடுத்ததை உங்கள் கணவர் படிக்க வேண்டும். ஐயா, மாலையில் டிவி பார்த்தபடி மல்லியின் முதுகையும் இறக்கைக்கு அடியையும் தடவிக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். காக்கட்டூ வளர்க்கும் அநேகமாக எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். அதுவும் குழைந்து சாய்ந்துவிடும். பறவையின் கணக்கில் அது இணைசேரும் அழைப்பு. பருவம் வந்த பறவைக்கு நீங்கள் தகப்பன் அல்ல, ஜோடி. ஜோடியின் அருகே வரும் உங்கள் மனைவி போட்டியாள். கடி அங்கிருந்து வருகிறது. ஜோடி தினமும் காலையில் காணாமல் போகிறது, அலறலும் அங்கிருந்துதான். இன்றிலிருந்து தலையையும் கழுத்தையும் மட்டும் தடவுங்கள். போர்வைக்குள், அலமாரிக்குள், அட்டைப்பெட்டிக்குள் நுழைய விடாதீர்கள். இருட்டான பொந்து கூடுகட்டும் எண்ணத்தைக் கிளப்பும். அதற்கு மிகப் பிடித்த தின்பண்டத்தை இனி உங்கள் மனைவி கையால் மட்டும் கொடுக்கட்டும். கொண்டை விரிந்து கன்னத்து இறகு அலகை மூடும்படி சிலிர்த்திருந்தால் அப்போது யாரும் கை நீட்ட வேண்டாம்.

இறகு பிடுங்குவதை மனவருத்தம் என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள். ஈயம், துத்தநாக நஞ்சு, ஈரல் கோளாறு, அலகு-இறகு நோய் வைரஸ் எல்லாம் இதே கோலத்தைக் காட்டும். துத்தநாக முலாம் பூசிய மலிவான கூண்டுக் கம்பியைக் கடித்தே துத்தநாகம் உள்ளே போகலாம். நாய், பூனை மட்டும் பார்ப்பவரிடம் போகாமல், பறவைகளைப் பார்த்துப் பழகிய மருத்துவர் யார் என்று நாமக்கல் அல்லது சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரியுங்கள். ரத்தப் பரிசோதனை அவசியம். மார்பில் தோல் கிழிந்து ரத்தம் தெரிந்தால் அன்றே போங்கள்.

நோய் இல்லை என்று தெரிந்தால், அலகுக்கு வேலை கொடுப்பதுதான் வைத்தியம். கடையில் விற்கும் பிளாஸ்டிக் மணிகள் வீண்செலவு. மல்லியின் நெருங்கிய உறவான செராம் தீவின் இளஞ்சிவப்புக் காக்கட்டூ, இளந்தேங்காயைத் துளைத்து உள்ளே இருப்பதைத் தின்னப் பெயர்போனது. தென்னைக்குப் பேர்போன கோவையில் இருந்துகொண்டு நீங்கள் பொம்மைக்கு அலையலாமா? மருந்து அடிக்காத தோப்பிலிருந்து உரிக்காத குரும்பையும் காய்ந்த பாளையும் கொண்டுவந்து கட்டிவிடுங்கள். நாரை இழை இழையாக உரித்துத் தரையெல்லாம் குப்பையாக்கும். ஆக்கட்டும், உரிக்க நார் இருக்கும்வரை மார்பு கொஞ்சம் தப்பிக்கும்.

சூரியகாந்தி விதையையும் வேர்க்கடலையையும் குறைத்து பெல்லட் என்ற உருண்டைத் தீவனம், கேரட், பூசணி, முருங்கைக்கீரைக்கு மெல்ல மாற்றுங்கள். இரவில் பத்து மணி நேரத்துக்குக் குறையாத இருட்டும் அமைதியும் வேண்டும். நான்ஸ்டிக் தவாவை அளவுக்கு மீறிச் சூடாக்கினால் எழும் புகை பறவையை நிமிடங்களில் கொல்லும், ஆகவே தோசைக்கு இரும்புக்கல்.

ஒரு கணக்கையும் போட்டுக்கொள்ளுங்கள். சிகாகோ புரூக்ஃபீல்டு விலங்கியல் பூங்காவில் குக்கி என்ற காக்கட்டூ 83 வயது வாழ்ந்து 2016-இல் இறந்தது. அது வேறு இனம்தான். மல்லியும் நல்ல பராமரிப்பில் நாற்பது ஆண்டுகளைத் தாண்டக்கூடும். உங்களுக்குப் பின் யார் என்பதைக் கணவரிடம் இப்போதே கேளுங்கள்.

மாமனாரின் மருத்துவர் வேண்டாம் என்றுவிட்டால், இணையத்தில் விளம்பரம் போட்டு முதலில் வருபவருக்கு விற்றுவிடாதீர்கள். கத்தும், கடிக்கும், இறகு பிடுங்கும் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். தனி வீடும், பகலில் வீட்டில் இருக்கும் ஆளும், காக்கட்டூ வளர்த்த அனுபவமும் உள்ளவராகத் தேடுங்கள். அவரைச் சில மாலைகள் வீட்டுக்கு வரவழைத்து, அந்த ஆறு மணி அலறலை உட்கார்ந்து கேட்க வையுங்கள். 2024-இல் வந்த விதிகளின்படி இத்தகைய அயல்நாட்டு உயிரினங்களை மத்திய அரசின் பரிவேஷ் தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். வாங்கிய ரசீதை இன்றே தேடி எடுத்து வையுங்கள். பதிவு செய்திருக்காவிட்டால் மாவட்ட வன அலுவலகத்தில் போய்க் கேளுங்கள்.