யாருக்கும் கட்டுப்படாத தனிமனிதவாதம் ஓர் ஓவியரின் வாழ்க்கையையும் படைப்பையும் எப்படி மாற்றும்? சென்னையில் அப்படி வாழ முடியுமா?

முடியும். சென்னையில் பலர் அப்படி வாழ்ந்திருக்கிறார்கள். ஆனால் கேள்விக்குக் கீழே, "சந்தை, குரு, குடும்பம் எதற்கும் தலைவணங்க மாட்டேன், அதனால் ஆர்டர் வாங்கி எதையும் செய்யப் போவதில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். கல்லூரியை முடிக்கும் நிலையில் இருக்கிறீர்கள், வீட்டில் "அடுத்து என்ன?" என்று தினமும் கேட்கிறார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். உங்கள் கொள்கையோடு எனக்குச் சண்டையில்லை. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவோடுதான் சண்டை.

ஓர் ஓவியரின் சுதந்திரத்தை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன. பெயிண்டுக்கும் வாடகைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது, வேண்டாம் என்று சொன்னால் எத்தனை மாதம் தாக்குப்பிடிக்கலாம், முடித்த படத்தின் உரிமை யாரிடம் இருக்கிறது. இந்த மூன்றையும் ஏற்பாடு செய்யாதவரின் தனிமனிதவாதம் முதல் வாடகை பாக்கியிலேயே முடிந்துபோகும். ஜெர்மன் தத்துவவாதி மாக்ஸ் ஸ்டிர்னரைப் பாருங்கள். 'நான்' என்பதற்கு மேல் எதுவுமே இல்லை என்று ஐரோப்பாவில் அவ்வளவு தீவிரமாக வாதிட்டவர் வேறு யாரும் இல்லை. 1844-ல் பெர்லினில் பெண்கள் பள்ளி ஆசிரியர் வேலையை விட்டார். மனைவியின் பணத்தைப் போட்டுப் பால் வியாபாரம் தொடங்கினார், அது படுத்துவிட்டது. 1853-லும் 1854-லும் கடனுக்காகச் சிறைக்குப் போனார். அவர் தத்துவத்தில் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. பணத்துக்கான ஏற்பாட்டைத் தத்துவம் செய்து தராது என்பதற்காகச் சொல்கிறேன்.

சென்னையில் அந்த ஏற்பாட்டைச் செய்து காட்டிய இடம், சோழமண்டலம் என்ற ஓவியர் கிராமம். 1850-ல் தொடங்கிய, பெரியமேட்டில் இருக்கும் கலைப்பள்ளியில் 1929 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேவிபிரசாத் ராய் சௌத்ரி முதல்வர். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலை அவர் செய்தது. அவருக்குப் பின் வந்த கே.சி.எஸ். பணிக்கர் காலத்து மாணவர்களுக்கு, படிப்பை முடித்தால் விளம்பர நிறுவனம் அல்லது வாத்தியார் வேலை, இரண்டே வழி. நவீன ஓவியத்தைக் காசு கொடுத்து வாங்க மதராஸில் ஆளே இல்லை என்ற நிலை. பணிக்கரும் மாணவர்களும் கைவினைச் சங்கம் ஒன்றை அமைத்து பாத்திக் (துணியில் மெழுகால் வரைந்து சாயம் ஏற்றும் கலை), தோல், உலோகம் என்று பொருள்கள் செய்து விற்றார்கள். அந்தப் பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் கடலோர மணல் நிலத்தை வாங்கி, 1966-ல் குடியேறினார்கள். கைவினை வயிற்றைப் பார்த்துக்கொண்டது. அதனால் ஓவியம் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"அது கூட்டுறவு ஆயிற்றே, அதை எப்படித் தனிமனிதவாதம் என்கிறீர்கள்?" என்று யாராவது கேட்பார்கள். நிலம், கைவினைப் பட்டறை, விற்பனை ஆகியவற்றில்தான் கூட்டு. கேன்வாஸில் கூட்டு கிடையாது. பணிக்கர் 1963-லிருந்து சொற்களும் குறியீடுகளும் என்ற வரிசையில் ஜாதகக் கட்டம், கணக்கு, எழுத்து மாதிரியான கிறுக்கல்கள் என்று போய்க்கொண்டிருந்தார். அதே வளாகத்தில் கே. ராமானுஜம் பேனாவும் மசியும் வைத்து இழை இழையாகத் தன் கனவு உலகத்தை வரைந்தார். பணிக்கரின் மகன் நந்தகோபால் உலோகத் தகட்டைப் பற்றவைத்து முன்பக்கம் பார்த்து நிற்கும் சிற்பங்களைச் செய்தார். எஸ்.ஜி. வாசுதேவ், விஸ்வநாதன், சேனாதிபதி ஒவ்வொருவரும் வேறு வேறு. கோட்டின் மேல் இருந்த பிடிப்பு மட்டும் பலருக்கும் பொது. அதற்குப் பாத்திக்கும் ஒரு காரணம் என்பது என் கணிப்பு. மெழுகில் விழுந்த கோட்டை அழிக்க முடியாது.

பாத்திக்கை வெறும் பிழைப்பு வேலை என்று நினைப்பவர்களுக்காக, அதில் என்ன இருக்கிறது என்று சொல்கிறேன். புது காடா துணியில் கஞ்சி இருக்கும். சலவைச் சோடா போட்ட தண்ணீரில் கொதிக்கவைத்து அலசாவிட்டால் சாயம் திட்டுத் திட்டாகப் பிடிக்கும். மெழுகுக்குப் பாரபினும் தேன்மெழுகும் கலக்க வேண்டும். பாரபின் கூடினால் விரிசல் அதிகம், தேன்மெழுகு கூடினால் கோடு சுத்தம். பாதிக்குப் பாதியில் தொடங்கி, உங்களுக்கு வேண்டிய பக்கம் தள்ளிக்கொள்ளலாம். மெழுகுப் பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்கக் கூடாது, கொதிக்கும் தண்ணீருக்குள் இன்னொரு பாத்திரமாக வைக்க வேண்டும். புகை வந்தால் சூடு மீறிவிட்டது என்று அர்த்தம். தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றாதீர்கள், எரியும் மெழுகு தெறித்துப் பரவும். அடுப்பை அணைத்து மூடியால் மூடுங்கள். தூரிகை வைத்ததும் துணியில் மெழுகு கண்ணாடி மாதிரி தெரிந்தால் உள்ளே இறங்கியிருக்கிறது. வெள்ளையாக மேலே நின்றால் ஆறிய மெழுகு, சாயம் அடியில் புகுந்து கோட்டைத் தின்றுவிடும். துணியின் பின்பக்கத்தையும் பாருங்கள். இறங்காத இடத்தில் பின்பக்கமிருந்தே மெழுகு வையுங்கள்.

சாயம் குளிர்ந்த தண்ணீரில் கரைந்து பிடிக்கும் வகையாக இருக்க வேண்டும், சூடான சாயம் மெழுகைக் கரைத்துவிடும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர்நிறத்துக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும், அந்த நிறமாகவே நிற்க வேண்டிய இடத்தை மெழுகால் மூட வேண்டும். சென்னை மே மாத மதியத்தில் மெழுகு இளகியே இருக்கும், கசக்கினால் விரியாது, மடியத்தான் செய்யும். விரிசல் வேண்டுமென்றால் ஐஸ் தண்ணீரில் முக்கிவிட்டுக் கசக்குங்கள். கடைசியில் சோப்புத் தண்ணீரில் கொதிக்கவைத்து மெழுகை எடுக்க வேண்டும். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டினால் மெழுகு உறைந்து குழாய் அடைக்கும். ஆறவிட்டு, மேலே ஏடு கட்டியதை எடுத்துவிட்டுக் கொட்டுங்கள். இவ்வளவு திட்டமும் கவனமும் கேட்கிற வேலையைக் கேவலமாகப் பேசுபவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது.

பிழைப்புக்குக் கைவினை செய்து விற்பதில் உண்மையான ஆபத்து ஒன்று இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். விற்ற உருவம் மெல்ல மெல்ல ஓவியத்துக்குள் வந்துவிடும். மயில் விற்றால் கேன்வாஸிலும் மயில். பிள்ளையார் விற்றால் கேன்வாஸிலும் பிள்ளையார். கை பழகிய பாதையிலேயே போகும், வாங்கியவர் சொன்ன "நல்லா இருக்கு" காதில் கேட்டுக்கொண்டே இருக்கும். இதற்குச் சில நடைமுறைத் தடுப்புகள் உண்டு. பிழைப்பு வேலைக்கும் சொந்த வேலைக்கும் ஒரே அளவு, ஒரே ஊடகம் வேண்டாம். ஒரே நாளில் இரண்டும் வேண்டாம். காலை வெளிச்சம் சொந்த வேலைக்கு. சொந்தப் படத்தை முடித்த கையோடு இன்ஸ்டாகிராமில் போடாமல், மூன்று மாதம் சுவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுப் பிறகு எடுத்துப் பாருங்கள். ஆயிரம் லைக் வந்த படத்தைத் திரும்பத் திரும்ப வரையவைக்கும் அழுத்தம், எந்த முதலாளியின் கட்டளையையும் விடப் பெரியது. கூட்டத்துக்கு எதிரானவர் என்று சொல்லிக்கொள்ளும் பலர் விழுவது இந்த இடத்தில்தான்.

பிழைப்பு வேலையைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல், அது ஓவியத்துக்கு வேண்டிய அதே சக்தியைத் தீர்க்கக் கூடாது என்பது. நாள் முழுக்க அனிமேஷனுக்கு உருவம் போட்டுவிட்டு இரவு வந்து சொந்த உருவம் போடுவது மிகக் கடினம், கண்ணும் கற்பனையும் ஏற்கெனவே செலவாகியிருக்கும். ஃபிரேம் போடுவது, பாத்திக், நெசவு டிசைன், அச்சு வேலை இவை பரவாயில்லை. ஓவியர் கே.எம். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் அரசு வேலை பார்த்தவர். காந்தியை வைத்து அவர் 1969-ல் வரைந்த கோட்டோவியங்களைப் பார்த்தால், சம்பளம் வாங்குபவர் சுதந்திரமாக இருக்க முடியாது என்ற பேச்சை விட்டுவிடுவீர்கள். சேமிப்பு எவ்வளவு வேண்டும்? ஆறு மாத வாடகையும் ஆறு மாதப் பொருள் செலவும் தனிக் கணக்கில் இருந்தால்தான், தரகரிடம் முகத்தைப் பார்த்து "முடியாது" என்று சொல்ல வாய் வரும்.

பள்ளி ஓவிய ஆசிரியர் வேலையும் இந்த வகையில் நல்லதுதான், நேரம் மிஞ்சும். ஆனால் நம் பள்ளிகளில் நடப்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராயிங் பீரியட். அதையும் பரீட்சை நெருங்கும்போது கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொள்வார், சில இடங்களில் கேட்பதுகூட இல்லை. ஓவிய ஆசிரியரை ஆண்டு விழா மேடைக்கு தெர்மாகோல் வெட்டவும், சான்றிதழில் பெயர் எழுதவும் வைத்திருப்பார்கள். தன் கண்ணால் ஒரு பொருளைப் பார்த்து வரைய ஒரு குழந்தைக்குக் கிடைக்கிற நேரமே அந்த நாற்பது நிமிடம்தான். அதைப் பிடுங்கிவிட்டுப் பிறகு "நம் மக்களுக்கு ரசனை இல்லை" என்று யாரும் புலம்ப வேண்டாம். கேள்விக்குத் தொடர்பில்லாததுபோலத் தெரியும், ஆனால் உங்கள் படத்தை நாளைக்கு வாங்கப்போகிறவர் அந்த வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

தனியாக வேலை செய்பவருக்குப் பொருளறிவும் தானே தேட வேண்டியது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை இங்கே காற்றில் ஈரம் அதிகம். பருத்திக் கேன்வாஸின் இழுப்பு மாறும், சுவரோடு ஒட்டி நிற்கும் படத்தின் முதுகில் பூஞ்சை பூக்கும். சுவருக்கும் படத்துக்கும் இரண்டு விரற்கடை இடைவெளி விடுங்கள், தரையில் வைக்காதீர்கள். கடலோர ஈசிஆர் சாலைப் பக்கம் வீடு என்றால் இரும்புச் சட்டமும் ஆணியும் உப்புக்காற்றில் சீக்கிரம் துருவேறும், துரு துணிக்கு இறங்கும்.

கடைசியாக உரிமை. தனிமனிதவாதம் பேசும் ஓவியர்கள் அதிகம் கோட்டைவிடுவது இதில்தான். 1957-ம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 17-ம் பிரிவின்படி, ஒருவர் பணம் கொடுத்துக் கேட்டு நீங்கள் வரைந்த ஓவியத்தின் பதிப்புரிமைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், அவர்தான் முதல் உரிமையாளர். நாளைக்கு அவர் அதை டைரி அட்டையில் அச்சடித்தாலும் நீங்கள் கேட்க முடியாது. நீங்களாக வரைந்து பிறகு விற்ற படத்தில் நிலைமை வேறு. படம் அவர் சுவரில் இருக்கும், பதிப்புரிமை எழுதிக் கொடுக்காத வரை உங்களிடம்தான்.

உரிமையை எழுதிக் கொடுத்துவிட்டாலும் 57-ம் பிரிவு உங்களோடு இருக்கும். படைத்தவர் நான் என்று சொல்லவும், படைப்பைச் சிதைத்து என் பெயரைக் கெடுக்காதே என்று தடுக்கவும் அது உரிமை தருகிறது. சிற்பி அமர்நாத் சேகல் டெல்லி விஞ்ஞான் பவனுக்காகச் செய்த பெரிய வெண்கலச் சுவர்ச்சிற்பத்தை 1979-ல் பெயர்த்து எடுத்துவிட்டார்கள். வாங்கியது அரசாங்கமே ஆனாலும் அவர் விடவில்லை. 2005-ல் டெல்லி உயர் நீதிமன்றம், எஞ்சியதை அவரிடமே திருப்பிக் கொடுக்கவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் உத்தரவிட்டது.

"கலைஞன் கணக்குப் பிள்ளை ஆகணுமா?" என்று சிலர் வருவார்கள். அவர்களுக்குப் பதில் சொல்ல எனக்கு நேரமில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். முதல் ஆர்டர் வரும்போது ஒரே பக்கத்தில் இதை எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: அளவு, ஊடகம், முடிக்கும் தேதி, பாதிப் பணம் முன்பணம், கால் பங்கு பாதி வேலையில், மீதி படத்தை எடுத்துப் போகும் முன், திருத்தம் வரைவு நிலையில் இரண்டு முறை மட்டும், நிறம் ஏறிய பிறகு கிடையாது, பதிப்புரிமை ஓவியரிடமே இருக்கும், அச்சிட, மறுபடி பயன்படுத்தத் தனி அனுமதியும் தனிக் கட்டணமும். கேலரி வழியாக விற்றால் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரை அவர்கள் எடுப்பார்கள், அதையும், விற்ற எத்தனை நாளில் உங்கள் பணம் வரும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். கையெழுத்துக்குத் தயங்கும் ஆள் என்றால் வாட்ஸ்அப்பிலாவது இதை அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகு கேன்வாஸ் வாங்கப் போங்கள்.