அக்கா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 36 வயது. கோவில்பட்டிப் பக்கம். நான்கு வருடமாகச் சிறுகதை எழுதுகிறேன். அடகு வைப்பதற்காக அம்மாவின் கம்மலை அப்பா கழற்றி வாங்கிப் போன இரவைக் கதையாக எழுதினேன், ஒரு சிற்றிதழில் வந்தது. அப்போது எனக்கு 8 வயது, அக்காவுக்கு 14. பெயர், ஊர், அப்பாவின் வேலை எல்லாவற்றையும் மாற்றியிருந்தேன். ஆனால் அம்மா அழும்போது மூத்த மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வதை அப்படியே எழுதிவிட்டேன். "என்னைக் கல்நெஞ்சுக்காரின்னு ஊருக்கே சொல்லிட்டியே" என்று போனை வைத்தவள்தான், மூன்று மாதமாகப் பேச்சில்லை. அம்மாவும், "வீட்டு விஷயத்தைத் தெருவுல போடலாமா?" என்கிறாள். மறைந்த அப்பாவைப் பற்றிய அடுத்த கதை பாதியில் நிற்கிறது, எழுத உட்கார்ந்தால் கை நடுங்குகிறது. எழுதுவதை விட்டுவிடட்டுமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

விட வேண்டாம். அதே சமயம், அக்காவின் கோபம் தப்பு என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெயரையும் ஊரையும் மாற்றினால் அடுத்தவர்களுக்குத்தான் தெரியாது. கூடப் பிறந்தவளுக்கு அந்தச் சுவர் ஒன்றே போதும்.

அன்று நீங்கள் பார்த்தது அக்காவின் முதுகை. முகத்தை அல்ல. அவள் அழுதாளா, பயந்து கண்ணை மூடிக்கொண்டாளா, "தூங்குற மாதிரி இரு" என்று அம்மாவே ஜாடை காட்டினாளா? 14 வயதுப் பெண்ணுக்கு அந்த இரவு எப்படிப் போனது என்பதை அவள் மட்டும்தான் சொல்ல முடியும். அதனால் நேரில் போங்கள். "அது வெறும் கதைதானே" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த வார்த்தை இன்னும் நோகடிக்கும். "அன்னைக்கு ராத்திரி உனக்கு எப்படிக்கா இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். அவள் சொல்வதையும் கதையாக்கத் தோன்றும். அது அவளுடையது, கேட்காமல் எடுக்காதீர்கள்.

அப்புறம், கை நடுக்கம். 1980களில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற அமெரிக்க உளவியலாளர், மனதை வதைத்த அனுபவத்தைத் தினம் 15 நிமிடம் என 4 நாள் எழுதும்படி மாணவர்களிடம் சொன்னார். நடந்ததையும் அதைப் பற்றிய உணர்வையும் சேர்த்து எழுதியவர்களுக்கு, எழுதிய கையோடு மனம் கனத்தது. பின்வந்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்திருந்தது. எல்லோருக்கும் ஒரே அளவு பலன் கிடைப்பதில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டின. ஆனால் அவர்கள் யாரும் அச்சுக்காக எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். அப்பாவைப் பற்றி நீங்களும் முதலில் ஒரு நோட்டில், உங்களுக்காக மட்டும் எழுதுங்கள். பத்திரிகைக்கு அனுப்புவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். எழுதும்போது நடுக்கம் கூடினால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். தூக்கமும் கெட்டால் ஓர் உளவியல் ஆலோசகரை நேரில் பாருங்கள்.

இன்று அக்காவுக்கு ஒரு போன் பண்ணுங்கள். எடுக்காவிட்டால், ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிடுங்கள்.