தீர்ப்பைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாணவர்கள் சொந்தமாக யோசிக்க வேண்டும் என்பதற்காக, “நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று அடிக்கடி கேட்கிறேன். பெரும்பாலோர் வாயே திறப்பதில்லை. சிலர் என் முகத்தைப் பார்த்து, எனக்குப் பிடித்த பதிலைச் சொல்கிறார்கள். ஒரு மாணவன் மட்டும் எதைச் சொன்னாலும் மறுத்துப் பேசுகிறான். “முதலில் மனப்பாடம் செய்யட்டும், யோசிப்பதெல்லாம் அப்புறம்” என்கிறார் உடன் பணிபுரியும் ஆசிரியர். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்களே, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது. கேள்வி என்றால் அதற்கான பதில் ஆசிரியரிடம் தயாராக இருக்கும், அதைக் கண்டுபிடிப்பதுதான் தங்கள் வேலை என்று பல ஆண்டுகளாகப் பழகியவர்கள் அவர்கள். திடீரென்று “என்ன நினைக்கிறீர்கள்” என்று கேட்டால் நம்பமாட்டார்கள். கேள்வியை மாற்றினால் மட்டும் போதாது. பதில் வந்ததும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதும் மாற வேண்டும்.

மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் 1970களில் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு ஆராய்ந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் காத்திருந்தது சராசரியாக ஒரு வினாடிதான். மாணவர் பேசி முடித்ததும் அதே அவசரத்தில் “சரி”, “தப்பு” என்று சொல்லிவிட்டார்கள். இந்த இரண்டு இடங்களிலும் 3 வினாடியாவது பொறுத்தபோது பதில்கள் நீண்டன, காரணம் சொல்லிப் பேசுவது கூடியது, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். இதில் இரண்டாவது காத்திருப்புதான் உங்களுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன். நீங்கள் “சரி” என்று சொன்ன நொடியில் வகுப்பு யோசிப்பதை நிறுத்திவிடும். பதில் தெரிந்துவிட்டது, இனி எதற்கு யோசிக்க வேண்டும்? தலையாட்டலும் புன்னகையும்கூடத் தீர்ப்புதான்.

ஒரு கேள்வியை வைத்தே சொல்கிறேன். விளிம்பு வரை தண்ணீர் நிறைந்த கண்ணாடி டம்ளரில் ஒரு பனிக்கட்டி மிதக்கிறது. அது முழுவதும் உருகினால் தண்ணீர் வழியுமா, மட்டம் இறங்குமா, அப்படியே இருக்குமா? கையைத் தூக்கச் சொல்லாதீர்கள். கெட்டிக்கார மாணவி தூக்கினால் பாதி வகுப்பு அவள் பின்னாலேயே போகும். ஒவ்வொருவரும் தன் பதிலையும், அதற்கான காரணத்தை ஒரு வரியிலும் தாளில் எழுதட்டும். அப்புறம், வேறு பதில் எழுதியவரைத் தேடிப் பிடித்துத் தன் காரணத்தை விளக்கட்டும். அதன்பின் மறுபடி எழுதட்டும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மஸூர் 1991இலிருந்து இப்படித்தான் பாடம் நடத்தினார். கிட்டத்தட்ட எல்லோருக்கும் பதில் தெரிந்த கேள்வி இதற்கு உதவாது. வகுப்பு இரண்டு மூன்றாகப் பிரிய வேண்டும்.

இந்தக் கேள்வியில் நிச்சயம் பிரியும். “மேலே நீட்டிக்கொண்டிருக்கும் பனியும் தண்ணீராகுமே, வழியும்” என்பார்கள் சிலர். “உருகினால் பனி சுருங்கும், இறங்கும்” என்பார்கள் வேறு சிலர். இரண்டிலுமே பாதி உண்மை இருக்கிறது. அந்தப் பாதி உண்மைகள் ஒன்றோடொன்று மோதட்டும், நீங்கள் குறுக்கிடாதீர்கள். கடைசியில் டம்ளரை வைத்துச் செய்து பார்த்தால் மட்டம் மாறாது. மிதக்கும் பனி தன் எடைக்குச் சமமான தண்ணீரை விலக்கியிருக்கிறது, உருகியதும் அந்த இடத்தைத்தான் நிரப்புகிறது என்று அப்போது விளக்குங்கள். அதற்குள் பிள்ளைகளுக்கே அந்த விளக்கம் தேவைப்பட்டிருக்கும். மறுநாள், டம்ளரில் இருப்பது உப்புத் தண்ணீராக இருந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள்.

உங்கள் சக ஆசிரியர் சொல்வதில் ஒரு பாதி சரி. விஷயம் தெரியாமல் வெறுமனே யோசிக்க முடியாது. அடர்த்தி என்றால் என்னவென்று அறியாதவரிடம் அந்த டம்ளரைக் காட்டினால் ஊகம்தான் வரும். 1988இல் வெளியான ஓர் ஆய்வில், பேஸ்பால் ஆட்டம் பற்றிய ஒரு பகுதியை, வாசிப்பில் பின்தங்கியிருந்தாலும் ஆட்டம் தெரிந்த மாணவர்கள், நன்றாக வாசிக்கக்கூடிய ஆனால் ஆட்டம் தெரியாத மாணவர்களைவிட நன்கு புரிந்துகொண்டார்கள். ஆகவே ‘சிந்தனைத் திறன்’ என்று தனி வகுப்பு வைக்காதீர்கள், பாடத்துக்குள்ளேயே செய்யுங்கள். ஆனால் “அப்புறம்” என்று அவர் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த அப்புறம் பல பிள்ளைகளுக்கு வருவதே இல்லை.

எதையும் மறுக்கும் அந்த மாணவனை அடக்கிவிடாதீர்கள். மறுப்பது சிந்தனையின் தொடக்கம், அவ்வளவுதான். தன் கருத்தையே சோதிக்க அவன் இன்னும் பழகவில்லை. அவனுக்கும் வகுப்புக்கும் சேர்த்து ஒரு விளையாட்டு இருக்கிறது. உளவியலாளர் பீட்டர் வேசன் 1960இல் வெளியிட்ட சோதனை அது. 2, 4, 6 என்று எழுதி, “இதில் ஒரு விதி ஒளிந்திருக்கிறது. நீங்கள் மூன்று எண்கள் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துமா என்று மட்டும் சொல்வேன்” என்று அறிவியுங்கள். 8, 10, 12 என்பார்கள், பொருந்தும். 20, 22, 24, அதுவும் பொருந்தும். “இரண்டிரண்டாகக் கூடும் எண்கள்!” என்று கத்துவார்கள். தவறு. விதி, ஏறு வரிசையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான். 1, 7, 50 என்று கேட்டிருந்தால் தங்கள் ஊகம் அப்போதே உடைந்திருக்கும், ஆனால் பெரும்பாலோர் அப்படிக் கேட்பதில்லை. இதற்குப் பிறகு அவன் மறுக்கும்போதெல்லாம் ஒன்று கேளுங்கள்: “எதைப் பார்த்தால் நீ சொல்வது தவறு என்று ஒப்புக்கொள்வாய்?” அதே கேள்வியை உங்களைப் பார்த்துக் கேட்கும் உரிமையையும் அவனுக்குக் கொடுங்கள்.

மதிப்பெண்ணை மறந்துவிடாதீர்கள். வகுப்பில் காரணம் கேட்டுவிட்டுத் தேர்வில் விடைக்கு மட்டும் மதிப்பெண் போட்டால், எது முக்கியம் என்று பிள்ளைகள் உடனே கணித்துவிடுவார்கள். நீங்களே வைக்கும் சிறு தேர்வுகளில் ஒரு கேள்விக்காவது, விடை தவறாக இருந்தாலும் காரணம் நேர்மையாகவும் தொடர்ச்சியாகவும் இருந்தால் மதிப்பெண் உண்டு என்று முன்கூட்டியே சொல்லுங்கள். பாடத்திட்டம் நெருக்கும் என்பது தெரியும். வாரத்துக்கு ஒரு கேள்வி போதும். முதல் சில வாரங்கள் வகுப்பு அமைதியாகத்தான் இருக்கும். அந்த அமைதியைப் பார்த்துப் பயந்து நீங்களே பதிலைச் சொல்லிவிடாதீர்கள்.