ரத்தம் வராத காயம்தான் எனக்குக் கவலை

கேள்வி: அப்பாவுக்கு 71 வயது. எங்கள் புளோக் சமூகத் தோட்டத்தில் பழைய பலகைகளைப் பிரித்தபோது துருப்பிடித்த ஆணி உள்ளங்காலில் இறங்கிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம்தான் வந்தது. மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்து அப்பிக்கொண்டு, "இதுக்கெல்லாம் ஊசியா?" என்கிறார். மூன்று நாளாகிவிட்டது. இனி டெட்டனஸ் ஊசி போட்டுப் பயன் உண்டா, டாக்டர்?
- வாசகி, ஈசூன்

பதில்: உண்டு அம்மா. உங்கள் மின்னஞ்சலைப் பார்த்த அன்றே "உடனே கூட்டிப் போங்கள்" என்று பதில் அனுப்பினேன். அப்பாவைப் போல நினைக்கிறவர்கள் நம்மில் நிறையப் பேர் இருப்பதால் காரணத்தை இங்கே விரிவாக எழுதுகிறேன்.

டெட்டனஸ் என்னும் ரணஜன்னியைத் தரும் கிருமி மண்ணிலும் சாணத்திலும் இருக்கிறது. அதன் வித்துகள் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். துரு ஒன்றும் செய்யாது. எருக் கலந்த மண்ணை ஆணி ஆழத்துக்குக் கொண்டுபோவதுதான் ஆபத்து. காற்றுப் புகாத இடத்தில்தான் இந்தக் கிருமி வளரும். ரத்தம் வராத குறுகிய ஓட்டை அதற்கு மிகவும் வசதி. அதன் மேல் சுண்ணாம்பை அப்பினால் சதை வெந்துபோகும், அழுக்கும் உள்ளேயே தங்கிவிடும். சோப்புப் போட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் நன்றாகக் கழுவுவதுதான் சரியான முதலுதவி.

நோய் பெரும்பாலும் 3 முதல் 21 நாளுக்குள் தலைகாட்டும். அதனால் மூன்றாம் நாள் ஊசி வீணாகாது.

ஹவுஸ் சர்ஜனாக, அதாவது பயிற்சி மருத்துவராக, மதுரையில் இருந்தபோது இந்த நோயாளிகளைப் பார்த்திருக்கிறேன். அறையை இருட்டாக வைத்திருப்போம், கிசுகிசுத்துத்தான் பேசுவோம். வரப்பில் முள் குத்திய விவசாயி ஒருவருக்கு, கதவு சாத்தும் ஓசைக்கே முதுகு வில்லாக வளைந்தது. தாடை பூட்டிக்கொண்டதால் வாய்விட்டுக் கத்தவும் முடியவில்லை. அத்தனையிலும் அவருக்கு முழு நினைவு இருந்தது. அந்தக் கண்களை என்னால் மறக்க முடியவில்லை.

கிருமி சுரக்கும் நஞ்சு நரம்பு வழியே தண்டுவடத்துக்கு ஏறி, தசைகளைத் தளரச் சொல்லும் சமிக்ஞையை அடைத்துவிடுகிறது. பிரேக் போன வண்டியின் நிலைதான். நரம்பில் ஒட்டிய நஞ்சை எந்த மருந்தாலும் பிரித்தெடுக்க முடியாது. இன்னும் ஒட்டாத நஞ்சை, இம்யூனோகுளோபுலின் என்னும் தயார்நிலை எதிர்ப்புப் புரத ஊசி முறிக்கும். மெட்ரோனிடசோல் கிருமியைக் கொல்லும். டயசிபாமும் மெக்னீசியமும் இசிவை அடக்கும். நரம்பு முனைகள் புதிதாக வளரும்வரை, வாரக்கணக்கில் செயற்கைச் சுவாசம்கூடத் தேவைப்படலாம். பிழைத்து எழுந்தாலும் உடலில் எதிர்ப்பாற்றல் வந்துவிடாது, தடுப்பூசி போட்டே ஆக வேண்டும்.

அப்பா சிறுவயதில் ஊசி போட்டாரா என்பது தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். அப்படியானால் தடுப்பூசியோடு, உடலில் வேறோர் இடத்தில் இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். நான்கு வாரம் கழித்து இரண்டாவது தடுப்பூசி, அதிலிருந்து 6 முதல் 12 மாதத்துக்குள் மூன்றாவது. கால் ஆறிவிட்டது என்று அவர் அந்த இரண்டையும் தட்டிக்கழிக்கப் பார்ப்பார், விடாதீர்கள். சிங்கப்பூரில் இந்த நோய் அரிது என்றும் சொல்வார். மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றாத நோய் இது. ஊரே ஊசி போட்டிருந்தாலும் போடாத ஒருவரை அது காக்காது.

கேள்வி: கட்டுமான வேலை. பலகை ஆணி பூட்ஸைத் துளைத்துக் காலில் குத்திவிட்டது. போன வருடம் ஊரில் டிடி (டெட்டனஸ்) ஊசி போட்டிருக்கிறேன். மறுபடியும் போட வேண்டுமா? செலவுக்கும் பயமாக இருக்கிறது.
- தங்குவிடுதி வாசகர்

பதில்: தம்பி, சிறுவயதில் எல்லாத் தவணையும் போட்டு, கடைசி ஊசி 5 ஆண்டுக்குள் இருந்தால் இப்போது வேண்டியதில்லை. போன வருடம் போட்ட அந்த ஒன்றுதான் வாழ்நாளிலேயே முதல் ஊசி என்றால் அது போதாது. பள்ளியில் 10 வயதிலும் 16 வயதிலும் போட்டார்களா என்று அம்மாவைக் கேளுங்கள். எப்படியிருந்தாலும் காயத்தை மருத்துவர் பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். செலவுக்குப் பயப்படாதீர்கள். வேலையில் பட்ட காயத்துக்கான மருத்துவச் செலவு, வேலைக் காய இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளியின் பொறுப்பு. மருத்துவரிடம் "வேலையிடத்தில் குத்தியது" என்று தெளிவாகச் சொல்லிப் பதிய வையுங்கள்.

கேள்வி: முதல் கர்ப்பத்தின்போதே டெட்டனஸ் ஊசி போட்டேன். இரண்டாவதுக்கும் ஏன்?
- வாசகி, பொங்கோல்

பதில்: உங்களுக்கு ஊறும் எதிர்ப்பாற்றல் கருவில் இருக்கும் குழந்தைக்கும் போகிறது, அதனால்தான். இங்கே ஒவ்வொரு கர்ப்பத்திலும் 16 முதல் 32 வாரத்துக்குள் போடும் ஊசியில் கக்குவான் இருமலுக்கான மருந்தும் சேர்ந்தே இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதல் தவணை இரண்டாம் மாதத்தில்தான் வரும். அதுவரை அதற்கு நீங்கள் கொடுத்தனுப்பியதுதான் துணை.